கம்பியிட்ட காங்கிரீட் உத்தரம்: அதனைக் கணக்கிடும் முறைகள்

மேல்தளத்திற்குக் கம்பி கட்டும் நாளில் வீட்டுக்கு உடையவர் சாரத்தின் கீழ் நின்று, "மேஸ்திரி, இந்த உத்தரத்திற்கு மூன்று கம்பி போதுமா? செலவைப் பார்க்க வேண்டாம். இன்னும் மூன்று சேர்த்துப் போடுங்கள். பிள்ளைகுட்டிகள் இருக்கப்போகும் வீடு" என்று சொல்வதைக் கேளாதார் நம்மில் மிகச் சிலரே. சொல்பவர் நெஞ்சில் இருப்பது அன்பு. அதிற் பிழை காண்பார் எவருமிலர். கம்பி மிகுந்தால் காப்பும் மிகும் என்பது உலகோர் துணிபு. இத்துணிபு எவ்வளவு மெய் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனை ஆராயப் புகின், இரும்புக் கம்பியிட்ட காங்கிரீட் உத்தரத்தைக் கணக்கிடும் முறைகள் எவ்வாறு தோன்றி வளர்ந்தன என்பதையும் உடன் அறிதல் வேண்டும். கணிதத்தைத் தனியே பயிலாத அன்பர்களும் இதனைத் தொடர்ந்து வரலாம். கூட்டலும் பெருக்கலும் அறிந்திருத்தல் போதும்.

உத்தரம் செய்யும் தொழில்

பென்சிற் கோட்டை அழிக்கும் நீண்ட ரப்பர்த் துண்டு ஒன்றின் பக்கத்தில், மேலிருந்து கீழாக நேர்கோடுகள் சில வரைந்துகொண்டு, அதன் இரு முனைகளையும் தாங்கி நடுவிற் கீழ்நோக்கி அழுத்திப் பார்ப்போமாக. மேல் விளிம்பிற் கோடுகள் நெருங்கிவரும். கீழ் விளிம்பில் அவை விலகிச் செல்லும். இடையே ஒரு மட்டத்தில் நெருக்கமும் இல்லை, விலக்கமும் இல்லை. பாரம் தாங்கும் ஒவ்வோர் உத்தரத்திலும் நிகழ்வது இதுவே. மேற்பகுதி அழுத்தத்திற்கு உள்ளாகின்றது. கீழ்ப்பகுதி இழுப்பிற்கு உள்ளாகின்றது. இரண்டிற்கும் உட்படாத இடைமட்டத்தை நடுநிலை அச்சு என்பர்.

கல் அழுத்தத்தைத் தாங்குவதில் நிகரற்றது. இழுப்பைத் தாங்குவதிலோ மிக எளியது. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு இது முதன்மையானதொரு காரணம். இடைவெளி மிகுந்தால் மேலே கிடத்திய கல் உத்தரம் அடிப்புறத்தில் விரிசல் கண்டு முறியும் என்பதை நம் சிற்பிகள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். சிமெண்டு, மணல், ஜல்லி, நீர் ஆகிய நான்கும் கலந்து இறுகிய காங்கிரீட்டும் ஒருவகைச் செயற்கைக் கல்லே. அழுத்தத்தில் அதற்குள்ள வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பில் உண்டு. ஆதலின், இழுப்பு நேரும் கீழ்ப்புறத்தில் இரும்புக் கம்பியைப் பதித்து, அழுத்தத்தைக் காங்கிரீட்டும் இழுப்பைக் கம்பியும் பங்கிட்டுக்கொள்ளுமாறு செய்தனர். வெப்பத்தில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக விரிகின்றன. காங்கிரீட் கம்பியை இறுகப் பற்றிக்கொள்கின்றது. தன் காரத்தன்மையால் அதனைத் துருவினின்றும் காக்கின்றது. இம்மூன்றும் இயற்கையிலேயே அமைந்திராவிடில் இக்கூட்டு நிலைத்திராது.

பிரான்சு தேசத்துத் தோட்டக்காரராகிய மோனியே என்பவர் 1867-ஆம் ஆண்டில் கம்பி வலையிட்ட சிமெண்டுத் தொட்டிகளுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அமெரிக்கராகிய ஹயட் என்பவர் தாம் நிகழ்த்திய சோதனைகளை 1877-இல் அச்சிட்டு வெளியிட்டு, கம்பி இருக்கவேண்டிய இடம் இழுப்பு நேரும் பக்கமே என்று காட்டினார். ஆயினும், எத்தனை கம்பி, எவ்வளவு பருமன், எவ்வளவு ஆழம் என்ற கேள்விகளுக்கு விடையளிக்கும் கணக்கு ஒன்று தேவையாயிற்று.

முதல் முறை: அளவுக்குட்பட்ட தகைவு

ஜெர்மானியப் பொறியாளர் கோனென் 1886-இல் முதற் கணக்கை வெளியிட்டார். அவர் நடுநிலை அச்சு உத்தரத்தின் சரிபாதி ஆழத்தில் இருப்பதாகக் கொண்டார். அது பொருந்தாது, கம்பியின் அளவுக்கேற்ப அவ்வச்சு ஏறியிறங்கும் என்று கண்டு கணக்கைத் திருத்தியமைத்தவர்கள் பிரான்சு நாட்டினராகிய குவாஞே, தெதெஸ்கோ என்னும் இருவர், ஆண்டு 1894. அவர்கள் காட்டிய வழியே பின்னர் உலகெங்கும் பரவி, அரை நூற்றாண்டிற்கு மேல் ஆட்சி செய்தது.

அதன் கருத்து எளியது. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு ஏற்கும் விசையைத் தகைவு என்கிறோம். நாள்தோறும் உத்தரத்தின்மேல் வரும் பாரத்தினால் காங்கிரீட்டிலும் கம்பியிலும் எழும் தகைவு, அவற்றின் முழு வலிமையில் ஒரு பகுதியைக் கடவாதிருத்தல் வேண்டும். சான்றாக, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமையுள்ள காங்கிரீட்டில் 7 நியூட்டன் வரையும், 415 நியூட்டன் வலிமையுள்ள கம்பியில் 230 நியூட்டன் வரையும் இம்முறை இடந்தருகின்றது. இரண்டு பொருள்களும் பாரத்திற்கு நேர்விகிதத்தில் சுருங்கி நீளும் என்றும், பாரம் நீங்கின் பழைய நிலைக்கு மீளும் என்றும் கொள்ளப்படும்.

இம்முறையால் எழுந்த கட்டடங்கள் எண்ணிறந்தன; அவற்றுட் பல இன்றும் உறுதியாக நிற்கின்றன. எனினும் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, காங்கிரீட் நேர்விகிதத்திற்குக் கட்டுப்பட்ட பொருளன்று. பாரம் மிகும்போது அது விகிதத்திற்கு மேலாகச் சுருங்கும். நெடுநாள் பாரம் சுமந்தாலோ மெல்ல மெல்ல மேலும் சுருங்கிக்கொண்டே செல்லும். இரண்டாவது குறையே பெரிது. இம்முறை உத்தரம் நாள்தோறும் எப்படியிருக்கும் என்று கூறுமேயன்றி, எந்தப் பாரத்தில் அது வீழும், எவ்விதமாக வீழும் என்று கூறுவதில்லை.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும்

வீழும் பாரம் எது என்று முதலிற் கண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது இரண்டாம் முறை. இதனை இறுதிப் பாரமுறை எனலாம். சோவியத் நாடு 1938-லேயே இதனைத் தன் விதிகளில் ஏற்றது. அமெரிக்காவில் விட்னி என்பவர் 1937-இல், முறியும் தறுவாயில் காங்கிரீட்டின் அழுத்தப்பகுதியில் வளைகோடாகப் பரவியிருக்கும் தகைவை ஒரு செவ்வகமாகக் கொண்டாலும் விடை பிழையாது என்று காட்டிக் கணக்கை மிகவும் எளிதாக்கினார். அமெரிக்கக் காங்கிரீட் கழகம் 1956-இல் இம்முறையைத் தன் விதிகளுக்கு ஒரு பின்னிணைப்பாக ஏற்று, 1963-இல் பழைய முறைக்கு நிகராக வைத்தது.

வீழாதிருத்தல் மட்டும் போதுமா? உத்தரம் வீழாமல், கண்ணுக்குப் புலனாகத் தொய்ந்து, அகன்ற விரிசல்கள் கண்டு, அவற்றின் வழியே நீர் புகுந்து கம்பி துருப்பிடிக்குமாயின், அதுவும் பயன்படாத உத்தரமே. ஆதலின், வீழ்ச்சியின் எல்லையையும் பயன்பாட்டின் எல்லையையும் தனித்தனியே நோக்கும் எல்லைநிலை முறை எழுந்தது. சோவியத் விதிகள் 1955-இலும் பிரித்தானிய விதிகள் 1972-இலும் அதனை ஏற்றன. நம் நாட்டில் ஐ.எஸ். 456 என்னும் விதித்தொகுப்பு 1953-இல் முதன்முதல் வெளிவந்தது. அதன் 1964-ஆம் ஆண்டுப் பதிப்பு இறுதிப் பாரமுறைக்கும், 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு எல்லைநிலை முறைக்கும் இடந்தந்தன. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய தகைவுமுறை ஓர் இணைப்பாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

எல்லைநிலை முறையில் காப்பு இரண்டிடத்தில் வைக்கப்படுகின்றது. எதிர்பார்க்கும் பாரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது ஒன்று. பொருளின் வலிமையைக் குறைத்து மதிப்பது மற்றொன்று. இக்குறைப்பிற்குக் காங்கிரீட்டுக்கு 1.5-ஆலும், கம்பிக்கு 1.15-ஆலும் வகுக்க வேண்டும். கம்பி ஆலையில் அளந்து செய்யப்படுவது. காங்கிரீட்டோ வெயிலிலும் மழையிலும் களத்தில் கலக்கப்படுவது. ஐயம் மிகுந்த பொருளுக்குக் காப்பும் மிகுதியாக வைத்திருப்பது முறையன்றோ?

ஓர் உதாரணம்

இனி ஓர் உத்தரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அது நான்கு மீட்டர் நீளம். இருபுறமும் சுவரின்மேல் தாங்கிக் கிடப்பது. அகலம் 230 மில்லிமீட்டர், அதாவது ஒன்பது அங்குலச் சுவரின் அகலம். மேல்தளம், அதன் பூச்சு, இருப்போர், பொருள்கள், தன் எடை எல்லாம் சேர்ந்து மீட்டர் ஒன்றுக்கு 24 கிலோநியூட்டன் பாரம் என்று கொள்வோம். அஃது ஏறத்தாழ இரண்டரை டன். பாரத்தை நீளத்தின் வருக்கத்தாற் பெருக்கி எட்டால் வகுக்க, நடுவில் உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன் 48 கிலோநியூட்டன்-மீட்டர் என்று கிடைக்கும்.

மேலே சொன்ன காங்கிரீட்டையும் கம்பியையும் கொண்டு, பழைய தகைவுமுறையிற் கணக்கிட்டால், உத்தரத்தின் மேற்பரப்பிலிருந்து கம்பியின் நடு வரையுள்ள ஆழம் 478 மில்லிமீட்டரும், கம்பிகளின் குறுக்குப் பரப்பு 483 சதுர மில்லிமீட்டரும் வேண்டும். எல்லைநிலை முறையில் 48-ஐ ஒன்றரையாற் பெருக்கி 72 எனக் கொண்டு கணக்கிட்டால், 410 மில்லிமீட்டர் ஆழம் போதும். கம்பி மட்டும் 554 சதுர மில்லிமீட்டர் வேண்டும். பதினாறு மில்லிமீட்டர்க் கம்பி மூன்று இட்டால் 603 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். ஆழம் குறைந்ததால் தொய்வு மிகுமோ என்ற ஐயம் எழலாம். இவ்வகை உத்தரத்தின் நீளம் ஆழத்தைப்போல் 20 மடங்கிற்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என்பது தொடக்க விதி. இங்கே அது பத்து மடங்கிற்கும் குறைவே.

இப்போது வீட்டுக்கு உடையவரின் வேண்டுகோளுக்கு வருவோம். மூன்று கம்பியை ஆறாக்கினால் நிகழ்வது யாது?

உத்தரத்தினுள்ளே மேற்புறத்து அழுத்த விசையும் கீழ்ப்புறத்து இழுப்பு விசையும் எப்போதும் சமமாக இருத்தல் வேண்டும். இஃது இயற்கையின் நியதி. கம்பி மிகுந்து இழுப்பு விசை மிகுமாயின், அதற்கு ஈடுகொடுக்கக் காங்கிரீட்டின் பெரும்பகுதி அழுத்தத்திற்கு உள்ளாக வேண்டும். எனவே நடுநிலை அச்சு கீழிறங்கும். மூன்று கம்பி உள்ளபோது அவ்வச்சு மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 131 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. ஆறு கம்பி இட்டவுடன் ஏறத்தாழ 247 மில்லிமீட்டர் ஆழத்திற்கு இறங்கிவிடுகின்றது. உத்தரத்தின் வலிமை 77-லிருந்து ஏறத்தாழ 125 கிலோநியூட்டன்-மீட்டராக உயர்கின்றது என்பது உண்மையே. கம்பி இரட்டித்தும் வலிமை இரட்டிக்கவில்லை என்பதை முதலிற் காண்க. ஆயினும் அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு.

காங்கிரீட் தன் நீளத்தில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கு சுருங்கியதும் நொறுங்கும் என்று விதி கொள்கின்றது. அந்த நேரத்தில் கம்பி எவ்வளவு நீண்டிருக்கும்? மூன்று கம்பியிட்ட உத்தரத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கிற்கு மேல். ஆறு கம்பியிட்டதில் ஆயிரத்தில் இரண்டேகாற் பங்கு அளவே. இவ்வகைக் கம்பி தன் வலிமையை முழுதும் காட்டி மேலும் நீளத் தொடங்க, ஆயிரத்தில் 3.8 பங்கு நீளுதல் வேண்டும். ஆகவே முதல் உத்தரத்தில் கம்பி முன்னதாகவே இணங்கி நீண்டுவிட்டது. இரண்டாவதில் கம்பி இன்னும் இறுக்கமாக நிற்க, காங்கிரீட் முந்தி நொறுங்குகின்றது.

இவ்வேறுபாடு உயிரைக் காப்பதும் உயிரைக் கவர்வதுமாகும். கம்பி முதலில் நீளும் உத்தரம் வீழுமுன் பேசும். அடிப்புறத்தில் விரிசல்கள் அகலும், பூச்சு உதிரும், நடுப்பகுதி கண்காணத் தொய்யும். கீழிருப்போர் அதைக் கண்டு வெளியேறலாம், முட்டுக்கொடுத்துத் தாங்கலாம். காங்கிரீட் முதலில் நொறுங்கும் உத்தரம் அத்தகைய எச்சரிக்கை தருவதில்லை, கணப்பொழுதில் வீழும். ஆதலாலேயே எல்லைநிலை முறை கம்பிக்குக் கீழெல்லை மட்டுமன்றி மேலெல்லையும் வகுத்திருக்கின்றது. நம் உத்தரத்திற்கு அம்மேலெல்லை ஏறத்தாழ 900 சதுர மில்லிமீட்டர். அதற்கு மேலும் வலிமை வேண்டுமாயின் உத்தரத்தின் ஆழத்தை மிகுவிக்க வேண்டும். அல்லது மேற்புறத்திலும் கம்பி இட்டுக் காங்கிரீட்டுக்குத் துணைசெய்ய வேண்டும்.

கணக்கிற்கு அப்பால் களத்திலும் ஒரு தீங்கு உண்டு. ஒன்பது அங்குல அகலத்தில் இருபுறத்துக் காப்புக் கனமும் ரிங்கும் போக எஞ்சிய இடத்தில் பதினாறு மில்லிமீட்டர்க் கம்பிகள் ஆறனை ஒரே வரிசையில் வைத்தால், கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 14 மில்லிமீட்டரும் இராது. இருபது மில்லிமீட்டர் ஜல்லி அவ்வழியே எங்ஙனம் இறங்கும்? பலகையைப் பிரிக்கும்போது கம்பியின் கீழே குழியும் பொந்துமாகத் தோன்றும். காங்கிரீட் பற்றாத கம்பி, கம்பி இல்லாததற்கு ஒப்பு.

குறுக்கு விசையும் ஒரு வீழ்ச்சியும்

இதுவரை உரைத்தது வளைவைப் பற்றி. தாங்கும் இடங்களுக்கு அருகே உத்தரத்தைச் சாய்வாகப் பிளக்க முயலும் கத்தரிப்பு விசை ஒன்றும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ரிட்டர் 1899-இல் இதற்கு ஒரு தெளிவான உருவகம் தந்தார். ஜெர்மனியின் மெர்ஷ் அதனை வளர்த்தார். விரிசல் கண்ட உத்தரத்தை அவர்கள் ஒரு சட்டகமாகக் கண்டனர்: சாய்ந்த காங்கிரீட் துண்டுகள் அழுத்தத்தைத் தாங்கும், நம் தொழிலாளர் ரிங்கு என்று வழங்கும் குறுக்குக் கம்பி வளையங்கள் இழுப்பைத் தாங்கும்.

நெடுங்காலம், கத்தரிப்பு விசை சிறிதாயின் காங்கிரீட்டே அதனைத் தாங்கிக்கொள்ளும், ரிங்கு வேண்டுவதில்லை என்று விதிகள் இடந்தந்தன. 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஷெல்பி என்னும் ஊரில் விமானப்படைக் கிடங்கு ஒன்றின் கூரையில் ஒரு பகுதி வீழ்ந்தது. அதன்மேல் வேறு பாரம் ஏதும் இல்லை. கூரை தன் எடையாலேயே வீழ்ந்தது. முறிந்த இடத்தில் உத்தரங்களில் ரிங்குகள் இல்லை. குளிராலும் உலர்ச்சியாலும் காங்கிரீட் சுருங்க, அதனால் எழுந்த நீளவாட்டு இழுப்பு கத்தரிப்பு வலிமையைக் குறைத்துவிட்டது என்று சோதனைகள் காட்டின. ஆராய்ச்சிகள் தொடர்ந்தன, கத்தரிப்புப் பற்றிய அமெரிக்க விதிகள் 1963-இல் மாற்றியமைக்கப்பட்டன. கணக்கில் தேவையில்லை எனினும் உத்தரத்தில் ஒரு சிற்றளவு ரிங்கு இருத்தல் வேண்டும் என்பது நம் விதியிலும் உண்டு. நேராக நிற்கும் ரிங்குகளின் இடைவெளி ஆழத்தில் முக்காற் பங்கையும், 300 மில்லிமீட்டரையும் கடத்தல் ஆகாது. கத்தரிப்பினால் நேரும் வீழ்ச்சியும் எச்சரியாமல் வருவதே. ஆகவே ரிங்கு இடுவதன் உட்கருத்தும் மேலே கண்டதேயாகும்: முறிவதாயின் உத்தரம் வளைவினால் மெல்ல முறிய வேண்டும், கத்தரிப்பினால் திடீரெனப் பிளத்தல் கூடாது.

முடிவுரை

முதலில் எழுந்த கேள்விக்கு விடை இதுவே. கம்பி மிகுந்தால் ஓரளவு வலிமை மிகும். காப்பு மிகும் என்பதற்கு உறுதியில்லை. முன்னோர் "எவ்வளவு தகைவு பொறுக்கும்?" என்று கேட்டனர், அடுத்து வந்தோர் "எப்போது வீழும்?" என்று கேட்டனர், பின்வந்தோர் "வீழும்போது எவ்விதம் வீழும்? வீழாத நாளில் எவ்விதம் நிற்கும்?" என்று கேட்டனர். முறைகள் மாறியது சூத்திரங்களை மாற்றும் ஆசையாலன்று, கேள்வி ஆழமானதால்.

ஆதலின் வீட்டுக்கு உடையவர் சாரத்தின் கீழ் நின்று கேட்க வேண்டியவை வேறு சில. சுவரருகே ரிங்குகள் வரைபடத்தில் உள்ளபடி நெருக்கமாக இருக்கின்றனவா? கம்பிக்கு அடியில் காப்புக் கட்டை வைத்தாயிற்றா? கலவையில் வேண்டுமளவிற்கு மேல் நீர் ஊற்றுகிறார்களா? வார்த்தபின் குறைந்தது ஏழு நாளும், கலப்புச் சிமெண்டாயின் பத்து நாளும், ஈரம் உலராமல் காப்பார்களா? இவற்றிற்குச் செலவு சிறிது, பயன் பெரிது. கம்பியைக் கூட்ட வேண்டும் என்று தோன்றினால் மேஸ்திரியிடம் சொல்லாமல், கணக்கிட்ட பொறியாளரிடம் கேட்பாராக.

பொறியியல் கற்கச் செல்லவிருக்கும் நம் மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். அட்டவணையைப் பார்த்துக் கம்பியின் எண்ணைக் குறிப்பது எளிது; கணிப்பொறி அதனை நொடியிற் செய்துவிடும். அவ்வெண்ணைக் குறிக்குமுன், "இவ்வுத்தரம் என்றேனும் தோற்குமாயின், அதன் கீழ் உறங்குவோருக்கு எழுந்து வெளியேறப் பொழுது தருமா?" என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்வார்களாயின், அவர்கள் கற்ற கல்வி பயனுடையதாகும்.